உடற்பருமன் மரபணு மதிப்பெண்: இங்கே சோதிக்காமல் அனுமதிக்காதீர்கள்

பெறுநர்: உயிரித் தொழில்நுட்பத் துறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், புது தில்லி

மதிப்பிற்குரியோரே,

எச்சில் மாதிரியை அனுப்பினால் உடல் எடை கூடும் வாய்ப்பைக் கணித்து மதிப்பெண்ணாகச் சொல்லும் மரபணுச் சோதனைகள் இந்தியாவில் விலைக்குக் கிடைக்கின்றன. மரபணுத் தரவைக் கணினியில் பகுத்தாயும் நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இந்தியர்களிடம் சரிபார்க்கப்படாத உடற்பருமன் மதிப்பெண் எதையும் இந்தியர் ஒருவரின் அறிக்கையில் இடம்பெற விடாதீர்கள்.

ஒரே மரபணுவை வைத்துச் சொல்லப்படும் ஆரூடத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். உடல் எடையோடு தொடர்புள்ள எஃப்டிஓ மரபணுவில் 2007இல் கண்டறியப்பட்ட மாறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர், அது அறவே இல்லாதவரைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார். ஆனால் மக்களிடையே காணும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைச் சுட்டெண்) வேறுபாட்டில் அந்த மாறுபாடு விளக்குவது 1 சதவீதம்கூட இல்லை. அதை மட்டும் பார்த்து உணவுப் பட்டியல் எழுதித் தருவதற்கு அறிவியல் ஆதாரம் போதாது.

பல்லாயிரம் மாறுபாடுகளின் சிறு விளைவுகளைக் கூட்டும் பன்மரபணு மதிப்பெண் வேறு தரத்தது. ஏறத்தாழ 7 லட்சம் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து 2018இல் வந்த ஆய்வு பிஎம்ஐ வேறுபாட்டில் சுமார் 6 சதவீதத்தை விளக்கியது. சுமார் 50 லட்சம் பேரின் தரவில் 2025இல் உருவான மதிப்பெண், பிரிட்டனில் உள்ள ஐரோப்பிய வம்சாவளியினரிடம் 17.6 சதவீதத்தை எட்டியது. உகாண்டாவின் கிராமத்து மக்களிடம் அதே ஆய்வின் மதிப்பெண் 2.2 சதவீதத்தோடு நின்றுவிட்டது.

இந்தச் சரிவுக்குக் காரணம் தெரிந்ததே. நாம் அளக்கும் குறியிடம், அதாவது மரபணுத்தொகுதியில் ஆளுக்கு ஆள் மாறும் ஓர் இடம், பெரும்பாலும் எடையைக் கூட்டும் மாறுபாடு அல்ல. அதன் அண்டையில் இருந்து அதோடு சேர்ந்தே கடத்தப்படும் அடையாளம் மட்டுமே. எது எதோடு சேர்ந்து வரும் என்பது மக்களுக்கு மக்கள் மாறும். மாறுபாடுகள் எத்தனை பேரிடம் காணப்படும் என்பதும் மாறும். ஆகவே மதிப்பெண்ணின் துல்லியம் குறைவதோடு, அதன் சராசரியே இடம்பெயர்ந்துவிடும். ஐரோப்பியப் பரவலோடு ஒப்பிட்டால், மதுரைக்காரர் ஒருவர் எந்த உயிரியல் காரணமும் இன்றி 'மேல் 10 சதவீதம்' என்ற கட்டத்தில் விழக்கூடும். அல்லது உண்மையான ஆபத்து இருந்தும் 'குறைவு' என்று வாசித்து நிம்மதியடையக்கூடும். இரண்டாவதுதான் எங்களை அதிகம் கவலைப்படுத்துகிறது. 'இந்தியர்' என்ற ஒரே ஒப்பீட்டுத் தொகுப்பும் போதாது. தமிழ்நாடு, காஷ்மீர், நாகாலாந்து மூன்றுக்கும் பரவல் வேறுவேறு.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். எல்லாத் தரவும் மனித மரபணுத்தொகுதியின் ஒரே மேற்கோள் பதிப்பில், அதாவது இடங்களுக்கு எண் தரும் ஒரே பொது வரைபடத்தில், இருக்க வேண்டும். 37ஆம் பதிப்பையும் 38ஆம் பதிப்பையும் கலந்தால் இட எண்கள் பொருந்தாது. டிஎன்ஏவின் இரு இழைகளிலும் ஒன்றுக்கொன்று இணையாகும் ஏ-டி, சி-ஜி எழுத்துகளே மாறுபாட்டின் இரு வடிவங்களாக இருந்து, அவை ஏறக்குறையச் சமமாகக் காணப்படும் இடங்களை நீக்க வேண்டும். அங்கே எந்த இழையைப் படித்தோம் என்று தெரியாமல் விளைவு தலைகீழாகிவிடும். 2 சதவீதத்துக்கு மேற்பட்ட மாதிரிகளில் அளவீடு விடுபட்ட குறியிடங்களையும் அப்படியே நீக்க வேண்டும். அளக்காத இடங்களை ஊகித்து நிரப்ப ஜீனோம் இந்தியா திட்டத்தின் சுமார் 10,000 முழு மரபணுத்தொகுதிகள் அருமையான அடித்தளம். புதிய மாறுபாடுகளைக் கண்டுபிடிக்க அந்த எண்ணிக்கை போதாது. அதற்கு, தேர்ந்தெடுத்த குறியிடங்களை மட்டும் அளக்கும் மலிவான சிப் சோதனையைப் பல லட்சம் பேரிடம் செய்தாக வேண்டும்.

நம் நாட்டில் தனிக் கவனம் கேட்பது உறவுமுறை. மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களும் அகமணமும் உள்ள சமூகங்களில், மதிப்பெண்ணை உருவாக்கும் பயிற்சித் தொகுப்பிலும் அதைச் சரிபார்க்கும் சோதனைத் தொகுப்பிலும் உறவினர்கள் சிதறிக் கிடப்பார்கள். குடும்பம் குடும்பமாகப் பிரிக்காவிட்டால் துல்லியம் போலியாக உயரும். சாதியும் வட்டாரமும் மரபணுவில் தெரிவதைப் போலவே உணவிலும் வசதியிலும் தெரியும். முதன்மைக் கூறுகளை (வம்சாவளி வேறுபாட்டைச் சுருக்கிக் காட்டும் எண்கள்) சேர்த்துச் சரிசெய்தாலும் அந்தக் கலப்பு முழுதும் போகாது. ஒரே குடும்பச் சூழலில் வளரும் உடன்பிறந்தவர்களுக்கிடையிலும் மதிப்பெண் வேலை செய்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

பிஎம்ஐயை மட்டும் கணிக்க வேண்டாம். இந்தியர்களுக்கு பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடற்பருமன் என்று 2009இல் வரையறுத்ததும், ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என வயிற்றுச் சுற்றளவுக்கு எல்லை வைத்திருப்பதும், நம் கொழுப்பு வயிற்றில் சேர்வதால்தான். எம்சி4ஆர் மரபணுவுக்கு அருகிலுள்ள மாறுபாட்டுக்கும் வயிற்றுச் சுற்றளவுக்கும் உள்ள தொடர்பு 2008இல் வெளிப்பட்டதே இந்திய வம்சாவளியினரின் தரவில்தான்.

ஐந்து வயதுக்குள் அடங்காப் பசியோடு வேகமாகப் பருக்கும் குழந்தைக்கு இந்த மதிப்பெண் உதவாது. அங்கே பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் ஹார்மோன், லெப்டின் ஏற்பி, பிஓஎம்சி, எம்சி4ஆர் மரபணுக்களை நேரடியாக வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். லெப்டின் குறைபாட்டுக்கு லெப்டின் ஊசி உண்டு. ஏற்பி, பிஓஎம்சி குறைபாடுகளுக்கு செட்மெலனோடைட் மருந்தை அமெரிக்கா 2020இல் அனுமதித்தது. நெருங்கிய உறவுத் திருமணங்கள் உள்ள இடங்களில் இத்தகைய ஒடுங்கு குறைபாடுகள் (பழுதான மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டுமே தோன்றுபவை) வெளிப்படும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு இந்தச் சோதனையை முதலில் கொடுங்கள்.

விற்பனைக்கு வரும் ஒவ்வோர் அறிக்கையின் முதல் பக்கத்திலும் மூன்று விவரங்களைக் கட்டாயமாக்குங்கள்: எந்த மக்களில் எத்தனை பேரிடம் மதிப்பெண் சோதிக்கப்பட்டது, வயதும் பாலினமும் ஏற்கெனவே விளக்குவதற்கு மேல் அது எத்தனை சதவீதம் விளக்குகிறது, ஒப்பீட்டுப் பரவல் யாருடையது. இவற்றைத் தர முடியாத நிறுவனம் உடற்பருமன் பகுதியை அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டு விற்கட்டும்.

இப்படிக்கு,
கணினிவழி மரபியல் ஆய்வாளர்கள்