அத்தையின் பங்கு

அன்பு மகளுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. "அத்தைதான் தாத்தாவுக்கு முன்னாடியே போயிட்டாங்களே, அவங்க பையன் பேரு எதுக்குப்பா?" என்றாய். வாரிசுச் சான்றுக்கு மனு எழுதித் தந்தவரும் அதையேதான் சொன்னார். என் பெயரும் சித்தப்பா பெயரும் மட்டும் போதுமாம், வேலை சீக்கிரம் முடியுமாம். நான் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

தாத்தா உயில் எழுதவில்லை என்று அவர்மேல் வருத்தப்படாதே. வக்கீல் தொழில் பார்த்த ஆபிரகாம் லிங்கனே 1865-இல் உயில் இல்லாமல்தான் இறந்தார். உயில் இல்லாவிட்டால் யாருக்கு எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்லும். நாம் உட்கார்ந்து பேசி ஒருவரை விட்டுவிட முடியாது. பாட்டியும் இல்லை. ஆகவே பிள்ளைகள் மூன்று பேர், மூன்று பங்கு. பெற்றவருக்கு முன்பே இறந்த பிள்ளையின் பங்கு அந்தப் பிள்ளையின் பிள்ளைகளுக்குப் போகும். ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் 543-இல் போட்ட சட்டத்திலேயே இந்த விதி உண்டு. எல்லா நாட்டிலும் எல்லாக் குடும்பத்துக்கும் இது ஒன்றுபோல இருக்காது. நமக்கு இதுதான் என்று வக்கீலிடம் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் இருக்கும்வரை தாத்தா சொத்தில் உனக்கு நேரடியாகப் பங்கில்லை. அத்தை பையனுக்கு இருக்கிறது.

தாத்தாவின் வங்கிக் கணக்கில் நாமினி நீதான். சில நாடுகளில் நாமினிக்கே பணம் சொந்தமாகிவிடும். நமக்கு அப்படி இல்லை. வங்கி உன் கையில் கொடுக்கும், நீ வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அவருடைய ஏடிஎம் ரகசிய எண் உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அவசரம் என்று யார் சொன்னாலும் அதிலிருந்து எடுக்காதே. முதலில் அவர் கடன்கள் தீர வேண்டும். மருத்துவமனை பாக்கி இருக்கிறது, வரி இருக்கிறது. மீதிதான் பங்கு.

இறப்புச் சான்றிதழ் பத்துப் பிரதி வாங்கி வைத்திருக்கிறேன். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்கிறார்கள். பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஒன்றைத் தயார் செய்து, அவனிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்கிறார் சித்தப்பா. அவனாக மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது வேறு. என்ன இருக்கிறது என்றே தெரியாதவனிடம் வாங்கும் கையெழுத்துக்கு நான் சாட்சி நிற்க மாட்டேன்.

கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன என் தங்கையை, அப்பா சொன்னார் என்று நானும் போய்ப் பார்க்காமல் இருந்தேன். பதினோரு வருஷம். அவளுக்கு உடம்பு முடியாமல் போனதே எனக்குக் கடைசியில்தான் தெரியும். பணம் கொடுத்து அதைச் சரிக்கட்ட முடியாதம்மா, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தாளில்கூட அவள் பெயரை இன்னொரு முறை என் கையால் விட்டுவிட மாட்டேன்.

நான் கூப்பிட்டால் அவன் எடுப்பதில்லை. நீ கூப்பிட்டால் பேசுவான். சொத்து விவரம் முழுவதையும் அவனுக்கு அனுப்பு, எதையும் மறைக்காதே. அப்படியே, அவன் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் எந்த எழுத்துகளில் இருக்கிறது என்று கேட்டுச் சொல். அத்தையின் பழைய சான்றிதழ்களில் இரண்டு விதமாக இருக்கிறது. பெயர் மாறினால் மனு திரும்பி வந்துவிடும்.

அன்புடன்,
அப்பா