பள்ளத்துத் தெருவிலிருந்து நகராட்சி ஆணையருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இரவு எங்கள் தெருவில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஒன்பதே கால் மணிக்குக் கரண்ட் போனது. பம்பிங் ஸ்டேஷனில் ஜெனரேட்டர் கிளம்பவில்லை. பத்து மணிக்கெல்லாம் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு சாக்கடை படிக்கட்டில் இறங்கியது. இந்த வருடத்தில் இது நான்காவது முறை.

நிலவரம் நீங்கள் அறியாததல்ல. மூன்று சரிவுகளின் கழிவும் தானாக வழிந்து எங்கள் பள்ளத்துக்கு வருகிறது. சுத்திகரிப்பு நிலையமோ மேட்டுக்கு அந்தப் பக்கம். பம்ப் ஏற்றித் தள்ளினால்தான் அங்கே போகும். பம்ப் நின்றுவிட்டது என்பதற்காக மேலே லாட்ஜ்களில் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருக்கப் போவதில்லை. போதாக்குறைக்கு, ஏற்றிய கழிவு திரும்பி வராமல் தடுக்க வேண்டிய உந்து குழாயின் நான்-ரிட்டர்ன் வால்வும் பழுது. மேட்டு உச்சிவரை எட்டு அங்குலக் குழாய், 400 மீட்டர் நீளம் என்று உங்கள் பணியாளர்களே சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குழாயில் நிற்கும் கழிவு மட்டும் 12,000 லிட்டருக்கு மேல் வருகிறது, ஒரு டேங்கர் லாரி. பாடுபட்டு ஏற்றியதும் திரும்ப எங்கள் வீட்டுக்கே.

என் அம்மாவுக்கு 78 வயது. சாக்கடை எதிர்த்து வந்துவிடும் என்ற பயத்தில் தினமும் இரவு ஏழு மணிக்குக் கழிப்பறைக் கோப்பையை மணல் மூட்டையால் அடைத்துவிடுகிறோம். காலையில்தான் எடுப்போம். அதைத் தூக்க அவரால் முடியாது. நடுராத்திரியில் என்னை எழுப்பக் கூச்சம். அதனால் மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். இட்லிக்குச் சட்னி காரமாக இருந்தால்கூட ஒரு வாய்தான். அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். “நிறையத் தண்ணி குடிங்கம்மா” என்கிறார் டாக்டர். “சரிங்க” என்று தலையாட்டிவிட்டு வருகிறார்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஜெனரேட்டரை எப்போதும் ஓடும் நிலையில் வையுங்கள், வால்வை மாற்றுங்கள்.

டீசல் பில் பாஸாகவில்லை என்று பதில் வந்தது. சரி, நம்பினோம். ஆனால் அதே ஞாயிறு இரவு, ஊரே இருண்டு கிடந்தபோது, ஏரிக்கரையில் ஊர்ப்பெயரோடு நிற்கும் அந்த செல்ஃபி எழுத்துகள் மட்டும் ஜெனரேட்டரில் ஜொலித்தன. எங்கள் பள்ளத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தது, அழகாகத்தான் இருந்தது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. நம்மூரில் எத்தனை வண்டி ஏறுகிறது என்று எண்ணக்கூட ஆளில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று திட்டம் போட்டவர்கள், சனி ஞாயிறுகளில் வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தார்களோ!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்ற மாதம் பம்ப்பில் துணி சிக்கியபோது, ஒரு பையனின் இடுப்பில் கயிறு கட்டி, ஸ்டேஷனில் சாக்கடை சேரும் கிணற்றுக்குள் இறக்கப் பார்த்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் மூடியைச் சுற்றி நின்று தடுத்தார்கள். அந்தக் கிணற்றில் தேங்கும் வாயு ஆளைக் கொல்லும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. கிணற்றுக்குள் கழிவு வந்து விழும் இடத்தில் கம்பிச் சல்லடை போட்டு, அதை நாள்தோறும் சுத்தம் செய்தால் துணி பம்ப் வரை போகாது.

சீசன் கூட்டம் ஏப்ரலில் தொடங்கிவிடும். அதற்குள் ஜெனரேட்டரையும் வால்வையும் சரிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, இரவில் எடுத்துப் பேசுகிற ஒரு போன் எண்ணையாவது ஸ்டேஷன் கதவில் எழுதி வையுங்கள். இப்போது அங்கே எழுதியிருக்கும் எண் உபயோகத்தில் இல்லை.

இப்படிக்கு,
பள்ளத்துத் தெருவாசி ஒருவர்