மொட்டை மாடியையும் வரைபடத்தில் வரையுங்கள்

சென்னையில் வீடுகளை வடிவமைக்கும் கட்டடக்கலைஞர்களுக்கும் கட்டமைப்புப் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

நீங்கள் தரும் வரைபடங்களில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தாள் இருக்கிறது. படுக்கையறையில் கட்டில் எந்தச் சுவரோடு சேர வேண்டும், சமையல் மேடை எத்தனை அடி, குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் அவற்றில் தெளிவாக வரையப்பட்டிருக்கின்றன. கடைசித் தாளில் மட்டும் மொட்டை மாடி ஒரு வெற்றுச் சதுரமாக, மாடிப்படி அறையும் தண்ணீர்த் தொட்டியும் தவிர வேறொன்றும் இல்லாமல் விடப்பட்டிருக்கிறது. அந்த வெற்றுச் சதுரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

2013ஆம் ஆண்டு தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளை, அதாவது தோட்டம் தொடங்கத் தேவையான பொருட்களின் தொகுப்புகளை, வழங்கத் தொடங்கியபோது எங்கள் வீட்டிலும் தோட்டம் தொடங்கியது. முதலில் கீரைப் பைகள், பிறகு கத்தரி, தக்காளி, அதன்பின் பீப்பாய்களில் எலுமிச்சையும் முருங்கையும் என்று ஆண்டுக்கு ஆண்டு அது வளர்ந்தது. சில ஆண்டுகளில் கீழே படுக்கையறைக் கூரையில் ஈரம் கசிந்தது. பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. பார்வையிட வந்த பொறியாளர் செடிகளைக் குறை சொல்லவில்லை. இந்த மாடிக்கு எவ்வளவு எடை கணக்கிட்டுக் கட்டினார்கள் என்று மட்டும் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டைக் கட்டிக் கொடுத்தவர்கள் ஒப்படைத்த காகிதங்கள் எதிலும் அந்த எண் இல்லை.

அதன் பிறகே நான் கற்றுக்கொண்டேன். ஆட்கள் ஏறிப் புழங்கும் கூரைக்கு, அதன் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ பயன்பாட்டு எடையை இந்தியத் தர நிர்ணயம் வகுக்கிறது. புழக்கமில்லாத கூரைக்கு அதில் பாதிதான். நனைந்த தோட்டமண் ஒரு கனமீட்டர் 1,600 கிலோவுக்குக் குறையாது. அப்படியென்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மண்ணைக் கொட்டியதுமே கணக்கிட்ட எடை தீர்ந்துவிடுகிறது. முருங்கைக்கோ அதைப்போல ஐந்து மடங்கு ஆழமாவது வேண்டும். கட்டமைப்பில் பாதுகாப்புக்கு விடும் இடைவெளி இருப்பதால் தளம் உடனே இடிந்துவிடாது என்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளி எதிர்பாராத நாளுக்காக ஒதுக்கப்பட்டது. அதை நாள்தோறும் செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அறியாமலேயே ஆயிரக்கணக்கான வீடுகளில் மக்கள் தொட்டி மேல் தொட்டியாக வாங்கி வைக்கிறார்கள்.

தண்ணீர்த் தொட்டியை நீங்கள் அப்படி விடுவதில்லை. 1,000 லிட்டர் என்றால் ஒரு டன் என்று எண்ணி, அதைத் தூண்களின் மேல் ஏற்றி வைக்கிறீர்கள். செடிகளுக்கும் அதே மரியாதையைக் கேட்கிறேன். ஆழமான தொட்டிகள் எங்கே வரும் என்பதைத் தளம் போடும் முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டு, அவற்றை உத்திரங்களின் மேலும் தூண்களின் தலைப்பிலும் வருமாறு அமைத்து, நடுத்தளத்தைக் கீரைக்கும் உட்காரும் இடத்துக்கும் விட்டுவிட்டால் பாதிச் சிக்கல் காகிதத்திலேயே தீர்ந்துவிடும். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை வெறும் மண்ணைவிட வெகுவாக எடை குறைந்தது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

எடையைவிடத் தண்ணீர்தான் எங்களை அதிகம் படுத்தியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரத்தில் 1,000 சதுர அடி மாடியில் விழும் நீர் சுமார் 1,30,000 லிட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு நான் மாடிக்கு ஏறியபோது கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. நார்த்தூளும் சருகும் சேர்ந்து வடிகுழாயின் வாயை அடைத்திருந்தன. 10 சென்டிமீட்டர் நீர் தேங்கினால் அதுவே சதுர மீட்டருக்கு 100 கிலோ; அதோடு நனைந்த தொட்டிகளின் எடையும் சேர்ந்திருந்தது. கைப்பிடிச் சுவரில் தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் ஒரு மிகைநீர்த் துளை இருந்திருந்தால் அந்த இரவின் அச்சம் வந்திருக்காது. அதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் குழாய் மட்டுமே.

2003 முதல் இந்த மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் தோட்டம் உள்ள மாடியிலிருந்து இறங்கும் நீர் மண் கலங்கலாக வரும் என்பதை எண்ணி, வடிகட்டிக்கு முன்னால் வண்டல் தங்கும் சிறு தொட்டி ஒன்றை வரைபவர்கள் குறைவு. சேகரிப்புக் கிணற்றின் கூழாங்கல் அடுக்கு அடைத்துக்கொண்ட பிறகே அந்தக் குறை தெரிய வருகிறது.

மரத்தளம் பதித்த மாடிகளை இப்போது அதிகம் கேட்கிறார்கள்; நீங்களும் விரும்பி வரைகிறீர்கள். அதில் எனக்கு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, பலகைகளின் அடியில் தேங்கும் நீர் கொசுவுக்கு வீடாகிறது. கையால் தூக்கி எடுக்கக்கூடிய சட்டங்களாக அமைக்காவிட்டால் அங்கே துடைப்பம் நுழைய வழியே இல்லை. மற்றது உயிர் சம்பந்தப்பட்டது. கைப்பிடிச் சுவர் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. அதன்படி கட்டிய மாடியில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரத்தளம் பதித்தால் சுவர் 85 சென்டிமீட்டராகிவிடுகிறது. சுவரை ஒட்டி ஒரு செடித்தொட்டியோ அமரும் திண்டோ கட்டிவிட்டால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. படங்களில் மிக அழகாகத் தெரியும் அமைப்பு அதுதான் என்பதை அறிவேன். தயவுசெய்து திண்டைச் சுவரிலிருந்து நகர்த்தி வையுங்கள், அல்லது சுவரை உயர்த்துங்கள்.

காற்றையும் மறக்க வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டின் நிழல்வலைச் சட்டம் அப்படியே பெயர்ந்து அடுத்த வீட்டு மாடியில் விழுந்தது. கட்டடங்களை வடிவமைக்க நொடிக்கு 50 மீட்டர் அடிப்படைக் காற்று வேகம் வகுக்கப்பட்ட ஊர் இது. பந்தலின் கால்களை ஊன்றும் இடங்களைத் தளம் போடும்போதே அமைத்துக் கொடுத்தால், பின்னாளில் யாரும் நீர்த்தடுப்புப் பூச்சைத் துளைத்து ஆணி அடிக்க வேண்டியிருக்காது.

இத்தனையும் சொன்னது மாடியில் தோட்டம் வேண்டாம் என்பதற்காக அல்ல. கோடையில் பிற்பகல் ஆனதும் மாடிப்படி அறையின் நிழல் கிழக்கே விழுகிறது. கடற்காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. அந்த நிழலில் நான்கு பேர் உட்கார இடமும் அருகில் ஒரு மல்லிகைப் பந்தலும் இருந்தால், மே மாத மாலையில் குளிரூட்டியை நிறுத்திவிட்டு மேலே வரலாம். ஆனால் பல வீடுகளில் அதே இடத்தில்தான் குளிரூட்டியின் வெளிப்பெட்டி வெப்பத்தைக் கக்குகிறது, குழாய்கள் காலை இடறுகின்றன. அந்த இடம் யாருக்கு உரியது என்று வரைபடம் சொல்லாததே காரணம்.

செங்கல்லைத் தேக்குச் சட்டங்களின் மேல் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அடித்து இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை இந்த ஊரின் பெயரையே தாங்கியது. கூரையைத் தனியொரு கட்டுமானமாக மதித்த மரபு உங்களுடையது என்பதால்தான் உரிமையோடு கேட்கிறேன்.

வீட்டின் சாவியை ஒப்படைக்கும் நாளில், மாடித் தாளையும் கையில் கொடுங்கள். உத்திரங்கள் ஓடும் வரிகள், வடிகுழாய்களின் வாய்கள், நீர் சரியும் திசை, பந்தல்கால் ஊன்றும் இடங்கள் ஆகியவை அதில் இருக்கட்டும். மாடிக்கதவின் உட்புறச் சுவரில், சதுர மீட்டருக்கு இந்த மாடி தாங்கும் எடை இத்தனை கிலோ என்று தமிழில் எழுதிய ஒரு பலகையையும் பதித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒரு சென்னைவாசி