கல்யாணத்துக்கு வருமுன் ஒரு விஷயம்

அன்புள்ள கணேசா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சுந்தரி சொன்னாள். சந்தோஷம். இனிமேல் சீட்டாட்டத்தில் தோற்றால் கண்மேல் பழி போட முடியாது, ஞாபகம் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் இப்போது தமிழிலேயே சண்டை போடுகிறான்.

ஏப்ரலில் முருகேசன் மகள் கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று, அமெரிக்காவில் தென் கரோலைனாவிலிருக்கும் எங்கள் சார்ல்ஸ்டனில் என்னென்ன பார்க்கலாம் என்று எழுது என்றாய். எழுதுகிறேன். அதற்கு முன் முருகேசன் பிடித்திருக்கும் கல்யாண இடத்தைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் என்றால் பாதியிலேயே குறுக்கே விழுவாய், அதனால்தான் கடிதம்.

கல்யாணம் எங்கே தெரியுமா? ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில், பழைய பிளான்டேஷன் பங்களா ஒன்றில், அதாவது பெரிய விவசாயத் தோட்டத்து முதலாளி வீட்டில். முருகேசன் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். பாதையின் இரண்டு பக்கமும் வயதான ஓக் மரங்கள், கிளையெல்லாம் சாம்பல் நிறப் பாசி தொங்குகிறது. வெள்ளைத் தூண் வைத்த வீடு, அங்கிருந்து ஆறு வரைக்கும் புல்வெளி. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. மணவறை எங்கே, பந்தி எங்கே, மாப்பிள்ளை வருகிற குதிரை வண்டி எங்கே நிற்கும் என்று அங்கே வேலை செய்யும் பெண் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு ஆற்றுப் பக்கம்தான் கண் போனது. கோரைப் புல்லுக்கு நடுவில் நேர்க்கோடாக மேடு, அதற்குக் குறுக்கே இன்னொரு மேடு, நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம். இது என்னம்மா என்றேன். அந்தக் காலத்து நெல் வயல் என்றாள்.

வரப்பு, கணேசா! நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும் கரையாமல் கிடக்கிற வரப்பு. நாமெல்லாம் வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன், விசாரித்தேன். இந்த ஊர் 1670-ல் ஆங்கிலேயர் ஏற்படுத்தியது. இதைப் பணக்கார ஊராக்கியது நெல். 'கரோலைனா கோல்டு' என்று ஒரு ரகம், முற்றினால் பொன் நிறமாக இருக்கும். சைப்பிரஸ் மரக் காட்டுச் சதுப்பை வெட்டி, கரை போட்டு, வயலாக்கியிருக்கிறார்கள். தண்ணீர் பாய்ச்சிய விதத்தைக் கேட்டால் நீ அசந்துபோவாய். கடல் ஏறும்போது ஆற்றின் நன்னீரைத் தள்ளி உயர்த்தும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்தால் வயலுக்குள் தண்ணீர் வரும். இறங்கும்போது எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வடித்துவிடலாம். உப்பு நீர் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில்தான் திறமை இருக்கிறது.

இதையெல்லாம் செய்தது யார்? பங்களாக்காரனா? மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா தொடங்கி சியரா லியோன் வரைக்கும் நெல் விளைகிற பூமி. அங்கிருந்து பிடித்துக்கொண்டு வந்தவர்களை, 'நெல் விளையும் கரையிலிருந்து வந்தவர்கள்' என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டே விற்றிருக்கிறார்கள். முழங்கால் சேற்றில் மலேரியாவோடு நின்றவர்கள் அவர்கள். அறுத்த நெல்லை உரலில் போட்டு உலக்கையால் குத்தி, பிரம்புத் தட்டில் புடைத்ததும் அவர்களே. கூலி கிடையாது. பெற்ற பிள்ளைகூட முதலாளியின் சொத்து.

அந்தப் புடைக்கும் தட்டு செத்துப்போகவில்லை. டவுனில் சிட்டி மார்க்கெட் என்று நீளமான சந்தைக் கட்டிடம் இருக்கிறது. அங்கே கல்லா கீச்சி சமூகத்துப் பெண்கள் உட்கார்ந்து 'ஸ்வீட்கிராஸ்' என்ற புல்லில் கூடை பின்னுகிறார்கள். அந்த மக்களின் முன்னோர்தான் இந்த நெல் வயல்காரர்கள். ஒரு அம்மாள் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். புல்லைக் கற்றையாகச் சுருட்டிக்கொள்கிறார். நடுநடுவே பைன் மரத்து ஊசியிலை சேர்க்கிறார், அது பழுப்பு வளையமாக விழுகிறது. தீட்டிய ஸ்பூன் காம்பால் கற்றையில் துளை போட்டு, பனை இனத்து ஓலைக் கீற்றை நுழைத்து இழுக்கிறார். அந்தக் காம்புதான் மொத்தக் கருவியும். முன்னால் ஒரு அகலத் தட்டு இருந்தது. இதில் நெல் புடைப்பார்களா என்று கையை ஆட்டிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, என் கையைப் பிடித்து மணிக்கட்டை எப்படிச் சுழற்ற வேண்டும் என்று திருத்தினார். எங்கள் அம்மா சுழற்றுகிற அதே சுழற்று. நீ வந்தால் கண்டிப்பாக ஒன்று வாங்கு. விலை அதிகமாகத்தான் இருக்கும், ஒரு கூடைக்கு நாள் கணக்கில் உழைப்பு. கரந்தைச் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி அங்கே ஆரம்பித்தாயானால் உன்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிடுவேன்.

சரி, பார்க்க வேண்டிய இடங்கள். முதல் நாளே சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போய்விடு. 2023-ல் திறந்தது. கேட்ஸ்டன் துறைமுக மேடை இருந்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள். வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் சார்ல்ஸ்டன் வழியாகத்தான் வந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்கள் கால் பட்ட மண் என்பதால் கட்டிடத்தைத் தரையில் உட்கார வைக்காமல் தூண்களில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அடியில் ஒரு ஆழமில்லாத தடாகம். அதன் தரையில் கப்பலில் அடுக்கிக் கிடத்திய மனித உருவங்கள் வரிவரியாக. தண்ணீர் ஏறுகிறது, வடிகிறது. சுந்தரி கையைப் பிடித்துக்கொண்டு போ, அவள் தாங்கமாட்டாள்.

பிறகு சால்மர்ஸ் தெருவில் பழைய அடிமைச் சந்தை. 1856-ல் தெருவில் வைத்து ஏலம் விடக்கூடாது என்று சட்டம் வந்ததும் கட்டிடத்துக்குள் வைத்து விற்ற இடம். ஜேம்ஸ் தீவில் மக்லியட் பிளான்டேஷன், அது பருத்தித் தோட்டம். அங்கே மரக் குடிசைகள்தான் முக்கியம், 1990 வரைக்கும் அவற்றில் ஆள் குடியிருந்திருக்கிறார்கள். செங்கல்லைக் கவனித்துப் பார். காயாத களிமண்ணைத் தூக்கியவர்களின் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கும். சில தடங்கள் சின்னப் பிள்ளைகளுடையவை. என் விரல் அதில் நுழையவில்லை.

சம்டர் கோட்டைக்குப் படகில் போகலாம். அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த உள்நாட்டுப் போர் 1861 ஏப்ரல் 12 அன்று தொடங்கிய இடம். அந்தத் துறைமுகத்தைப் பார்க்கும்போது ராபர்ட் ஸ்மால்ஸை நினைத்துக்கொள். அடிமையாக இருந்த மனிதர், 1862 மே மாதம் ஒரு விடியற்காலையில், கேப்டன் கரையில் தூங்கப் போயிருந்த நேரம், தான் வேலை செய்த தெற்குப் படைக் கப்பலையே எடுத்துக்கொண்டு, கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோட்டைகளுக்குச் சரியான சங்கேதம் ஊதி, குடும்பத்தோடு வடக்குப் படையிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்! பின்னால் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். வண்ண வண்ண வீடுகள் இருக்கிற ரெயின்போ ரோ போகிற வழியிலேயே வரும், சுந்தரி போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். சாப்பாட்டுக்கு ரெட் ரைஸ் என்கிற தக்காளிச் சோறு கேள், உனக்குப் பிடிக்கும்.

இப்போது முருகேசனுக்கு வருகிறேன். அவனிடம் பேசிப் பார்த்தேன். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, இங்கே எல்லோரும் செய்கிறார்கள், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறான். சம்பந்தம் இல்லையா? பண்ணையாளைச் சாட்டையால் அடித்த ஊர் நம் ஊர். 1968-ல் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்த வெண்மணி அன்றைக்கு இருந்த பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்தவர்கள் நாம். அந்தக் குடிசை இருந்த இடத்தில் பந்தல் போட்டால் முருகேசன் மொய் எழுத வருவானா? அந்த இடங்களுக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும், தெரிந்துகொள்ளப் போக வேண்டும். அந்தப் புல்வெளியில் மேளம் கொட்டி அட்சதை போடுவதுதான் என்னால் முடியாது. அவன் பெண்ணை எனக்குப் பிடிக்கும், அவள் கல்யாணத்துக்கு நான் வராமல் இருந்தால் அது ஆயுசுக்கும் வலிக்கும்.

நான் சொன்னால் உபதேசம் என்கிறான். நீ சொன்னால் கேட்பான், ஹாஸ்டல் நாளிலிருந்தே அப்படித்தான். இந்த வாரமே அவனுக்குப் போன் பண்ணு. பெண்ணையும் லைனில் வரச் சொல், அவள் விஷயம் தெரிந்தால் யோசிப்பாள். டவுனிலேயே நல்ல மண்டபம் எத்தனையோ இருக்கின்றன, நான் விசாரித்து வைத்திருக்கிறேன். அட்வான்ஸில் நஷ்டம் வந்தால் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிடு. பேசிவிட்டு என்ன சொன்னான் என்று உடனே எனக்குச் சொல்.

சுந்தரிக்கு என் அன்பு. மருந்தை மறக்காமல் போடு.

உன்,
சேது