ஐடியை முடக்கினால் யாரிடம் போய்க் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரியில் படிக்கும் என் பேரனுக்கு சைபர்பங்க் கதைகள், அதாவது கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கும் வருங்கால நகரக் கதைகள் என்றால் உயிர். அந்த ஊர்களில் மழை ஓயாதாம், கலர் கலராய் நியான் விளக்கு எரியுமாம். அரசாங்கம் பேருக்குத்தான், ஆள்வது கம்பெனிகளாம். மழையும் விளக்கும் சென்னைக்காரனுக்குப் புதிதா? எனக்கு உறைத்தது வேறு. அங்கே ஒருவன் பிழைப்பு போனால், ஏன் போனது என்று கேட்க எதிரில் ஓர் ஆள் இருக்கமாட்டாராம். அது எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது.

எதிர்வீட்டுத் தம்பி சாப்பாடு டெலிவரி செய்கிறவர். ஓர் அடுக்ககத்தில் உள்ளே விடவில்லை. வாடிக்கையாளர் போனில் சொன்னபடி வாட்ச்மேனிடம் பார்சலைக் கொடுத்துவிட்டு வந்தார். பொருள் வரவில்லை என்று அந்த வாடிக்கையாளரே புகார் போட்டுவிட்டார். மறுநாள் காலை ஆப்பில் லாக்-இன் ஆகவில்லை; ஐடி, அதாவது ஆப்பில் அவர் வேலை பார்க்கும் கணக்கு, பிளாக். விதிமீறல் என்று ஒரு வரி வந்தது. எந்த விதி என்று இல்லை. ஆப்பில் டிக்கெட் போட்டார்; அதற்கு எந்திரம் பதில் சொன்னது, பிறகு டிக்கெட்டைத் தானே மூடிக்கொண்டது. அலுவலகத்துக்கே நேரில் போனார். “எல்லாத்தையும் ஆப்லயே பாருங்க தம்பி” என்று செக்யூரிட்டி கீழேயே நிறுத்தி அனுப்பிவிட்டார். வண்டிக்குக் கட்டவேண்டிய டியூ மட்டும் தேதி தவறாமல் வருகிறது.

நான் தபால்காரனாகத் தெருத் தெருவாய்த் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன். ரிஜிஸ்டர் தபால் ஆள் மாறிப்போனதாகப் புகார் வந்தால் எங்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். (அந்த ரிஜிஸ்டர் தபாலையே 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அது தனி வருத்தம்.) என்ன குற்றம், எந்தத் தேதி என்று மெமோவில் எழுதியிருக்கும். பதில் எழுதப் பத்து நாள் கிடைக்கும். 1965-ஆம் ஆண்டு மத்திய அரசுப் பணியாளர் விதிகளில் 16-ஆவது விதி சிறு தண்டனைக்கே அந்த வழியை வைத்திருக்கிறது. வேலையைவிட்டே அனுப்புவதென்றால் 14-ஆவது விதிப்படி விசாரணை நடக்கும், அதற்கு மேல் அப்பீலும் உண்டு. அதிகாரி கடுகடுவென்றுதான் பேசுவார். ஆனாலும் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார், நாமும் நம் பக்கத்தைச் சொல்லலாம்.

நான் அரசு ஊழியன், அவரோ கம்பெனி கணக்கில் ஊழியர் அல்ல, ‘பார்ட்னர்’, இரண்டும் ஒன்றா என்று கேட்பார்கள். எந்தத் தெருவில் நிற்கிறார், எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார், எத்தனை ஆர்டரை மறுத்தார் என்று நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு வைத்திருப்பது கம்பெனி. கூலியை நிர்ணயிப்பதும் அதுவே. அடைமழையில் தண்ணீர் நிற்கும் தெருவுக்குள் வண்டியை இறக்கவைக்க இன்சென்டிவை ஏற்றுவதும் அதுவே. இவ்வளவும் செய்துவிட்டு, நீக்கும்போது மட்டும் நாங்கள் முதலாளி இல்லை என்றால் எப்படி?

இது நாலைந்து பேர் பாடு மட்டும் அல்ல. நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21-இல் நாட்டில் இப்படி நிரந்தர வேலையில்லாமல் வேலைக்கு வேலை கூலி வாங்கும் கிக் தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் இருந்ததாக மதிப்பிட்டது, 2029-30-இல் 2.35 கோடி ஆகலாம் என்றது.

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2023-இல் இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. அண்ணா நகரில் மாநகராட்சி ஏசி ஓய்வறையே கட்டியிருக்கிறது. எல்லாம் சரி, ஐடி போனவனுக்கு ஓய்வறை எதற்கு? பக்கத்தில் கர்நாடகத்தின் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். காரணத்தை எழுத்தில் தந்து, 14 நாள் முன்னறிவிப்பும் கொடுத்த பிறகே நீக்கலாம் என்று அதில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் ஓர் உத்தரவு போட்டிருக்கிறது: கணக்கை முடக்கும் முடிவை மனிதர்தான் எடுக்கவேண்டும்.

இங்கேயும் அதைச் சட்டமாக்க வேண்டும். அதுவரை நல வாரியம் ஒரு காரியம் செய்யலாம். மாவட்டத் தொழிலாளர் அலுவலகங்களில் இவர்கள் புகாரைக் காகிதத்தில் வாங்கி, முத்திரை குத்தி ரசீது கொடுக்கட்டும். கம்பெனியிலிருந்து ஒருவர் நேரில் வந்து பதில் சொல்ல நாள் குறிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
குரோம்பேட்டை, சென்னை.