ஓட்டக்காரருக்குத் திறந்த கதவு: செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தின் நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிலைக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நீங்கள் ஒன்பது பேர். ஐந்து பேரைத் தேசியச் சங்கங்களிலிருந்து சர்வதேச மாநாடு தேர்ந்தெடுக்கிறது. மற்ற நால்வரில் இருவர் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவான ஐ.சி.ஆர்.சி.யிலிருந்தும் இருவர் தேசியச் சங்கங்களின் கூட்டமைப்பான சம்மேளனத்திலிருந்தும் வருகிறார்கள். உலகில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது. ஆனால் அரசுகளும் சங்கங்களும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து ஆளுக்கொரு வாக்குப் போடும் அந்த மாநாட்டுக்கு நிகழ்ச்சிநிரல் தயாரிப்பது நீங்கள்தான். ஆகவேதான் ஜெனீவாவின் பெரிய பெயர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். தங்கள் நாட்டின் தகுதி சர்ச்சையில் இருப்பதால் உங்கள் இயக்கத்துக்கு வெளியே நிற்கும் சங்கங்களுக்குக் கதவைத் திறக்கக் கேட்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரன். 1990-களில் எங்கள் பெரியாஸ்பத்திரியையும் அதைச் சுற்றியிருந்த தெருக்களையும் காத்து நின்றது உங்கள் கொடி. திருநீறு பூசாமல் வாசலைத் தாண்டாத என் பாட்டி அந்தச் சிலுவையை வேதக்காரரின் சிலுவையாக ஒருநாளும் எண்ணியதில்லை. அவருக்கு அது 'ஐ.சி.ஆர்.சி. கொடி', அவ்வளவுதான். தெற்கே சிறையில் இருந்த என் மாமாவிடமிருந்து வந்த ஒற்றைத்தாள் கடிதமும் அந்தக் கொடியோடுதான் எங்கள் வீட்டுப் படியேறியது. உறை கிடையாது, குடும்பச் செய்தி தவிர வேறெதுவும் எழுதக்கூடாது, வழியில் யாரும் படித்துப் பார்க்கலாம். 'நான் சுகம். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது?' என்று இரண்டே வரி. பாட்டி அதை எத்தனை முறை வாசிக்கச் சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. பின்னர் 2009-இல் பெப்ரவரி முதல் மே வரை வன்னிக் கரையிலிருந்து நோயாளரும் காயப்பட்டோரும் உறவினருமாக ஏறத்தாழ 14,000 பேரை ஐ.சி.ஆர்.சி. கடல்வழியே வெளியே கொண்டுவந்தது. அப்போது வேறெந்த வழியும் திறந்திருக்கவில்லை.

இதையெல்லாம் சொல்வது நன்றி தெரிவிக்க மட்டுமல்ல. உங்கள் இயக்கத்தில் யார் உறுப்பினர், யார் வெளியே என்பதை வெறும் நிர்வாக விவகாரமாக எண்ணி என்னால் கடந்துபோக முடியவில்லை. அந்த ஒற்றைத்தாள் ஒரு சங்கத்தின் கையிலிருந்து இன்னொரு சங்கத்தின் கைக்கு மாறித்தான் உலகம் சுற்றுகிறது. சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றால் அங்கே யாரோ ஒரு பாட்டி காத்திருக்கிறார் என்று பொருள்.

உறுப்புரிமைச் சண்டை உங்களுக்குப் புதிதல்ல. 1864-இல் சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டது போன்ற சின்னம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் என்றுதான் நம்பினார்கள். பன்னிரண்டே ஆண்டுகளில், 1876-இல், ஒட்டோமான் அரசு சிலுவை தன் வீரர்களின் மனத்தைப் புண்படுத்துகிறது என்று சொல்லிப் பிறையை ஏற்றிக்கொண்டது. பாரசீகம் சிங்கத்தையும் சூரியனையும் கொண்டுவந்தது. 1929-இல் இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்ட கையோடு, இனி புதிய சின்னம் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள். ஆப்கானிஸ்தான் செவ்வளைவு ஒன்றைக் கேட்டது, கிடைக்கவில்லை. 1949-இல் இஸ்ரேல் தாவீதின் செங்கேடயம் எனப்படும் ஆறுமுனைச் சிவப்பு நட்சத்திரத்தைக் கேட்டது. 22-க்கு 21 என ஒரே வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. அந்த ஒரு வாக்கின் விலை ஐம்பத்தேழு ஆண்டுகள். 1930 முதல் ஆம்புலன்ஸ் ஓட்டிவந்த இஸ்ரேலியச் சங்கமான மாகென் தாவீத் அதோம் அத்தனை காலமும் வாசலில் நின்றது. 1968-இல் தொடங்கிய பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கமும் வாசலிலேதான் நின்றது. அதற்குச் சின்னம் இருந்தது, நாடு இல்லை.

வாசலில் நிறுத்திவைத்ததால் உள்ளே இருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்களா? அதுவும் இல்லை. 1957-இல் புதுதில்லி மாநாட்டில் தைவானை அழைப்பதா என்ற தகராறு வெளிநடப்பில் முடிந்தது. 1991-இல் புடாபெஸ்டில் நடக்கவேண்டிய மாநாடு, பாலஸ்தீனர் எந்தத் தகுதியில் அமர்வது என்ற ஒரே கேள்வியால் கைவிடப்பட்டது. அடுத்த மாநாடு 1995-இல்தான் கூடியது. யூகோஸ்லாவியாவும் ருவாண்டாவும் எரிந்த ஆண்டுகள் அவை. மனிதாபிமானத்தின் உச்ச அவை அந்தக் காலம் முழுவதும் ஒரு நாற்காலிப் பிரச்சினையால் கூடவே இல்லை.

இந்த முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் வட்டாரத்தில் அந்தக் கதை பொறுமையும் நல்லெண்ணமும் வென்ற கதையாகச் சொல்லப்படுகிறது. பொறுமை இருந்தது உண்மைதான். ஐ.சி.ஆர்.சி. தலைவராயிருந்த கோர்னேலியோ சொம்மாருகா 1992-இலேயே எந்தச் சமயச் சாயலும் இல்லாத புதிய சின்னம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அதற்குப் பின்னும் காலம் ஓடியது. 2000-இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம், மாகென் தாவீத் அதோமைச் சேர்க்காததைக் கண்டித்து, சம்மேளனத்துக்குக் கட்டவேண்டிய சந்தாவை நிறுத்திவைத்தது. காசு பேசத் தொடங்கியதும் காதுகள் திறந்துகொண்டன என்று நான் சொன்னால் கோபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்த ஆண்டு அக்டோபரில் புதிய சின்னத்துக்காகக் கூடவிருந்த இராஜதந்திர மாநாடு, பாலஸ்தீனரின் எழுச்சியான இரண்டாவது இன்டிஃபாதாவால் தள்ளிப்போனது.

பிறகு சுவிட்சர்லாந்து விடாமல் இழுத்துப் பிடித்தது. 2005 நவம்பர் 28 அன்று இஸ்ரேலிய, பாலஸ்தீனச் சங்கங்கள் இரண்டும் ஜெனீவாவில் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன. பாலஸ்தீன ஆம்புலன்ஸ்கள் தடைச்சாவடிகளைக் கடப்பது எப்படி, யார் எந்த நிலப்பரப்பில் பணிசெய்வது என்பதெல்லாம் அதில் இருந்தன. அடுத்த வாரமே, டிசெம்பர் 8 அன்று, சமயச் சாயலில்லாத புதிய சின்னத்தை ஏற்கும், ஜெனீவா உடன்படிக்கைகளின் மூன்றாவது மேலதிக நெறிமுறை நிறைவேறியது. ஆதரவு 98, எதிர்ப்பு 27, நடுநிலை 10. எல்லாரும் ஒருமனதாக ஏற்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் இஸ்ரேல் பிடித்துவைத்திருக்கும் கோலான் குன்றுகளைப் பற்றிய சிரியாவின் குரலுக்கு முன் வாக்கெடுப்புக்குப் போகவேண்டியதாயிற்று. 2006 ஜூனில் மாநாடு இயக்கத்தின் சட்டவிதிகளைத் திருத்தியது: 237 ஆதரவு, 54 எதிர்ப்பு, 18 நடுநிலை. அந்தப் புதிய சின்னம் செம்படிகம் என்ற பெயரோடு இயக்கத்துக்குள் வந்தது. அதைத் தொடர்ந்து மாகென் தாவீத் அதோமும் பாலஸ்தீனச் செம்பிறையும் உள்ளே வந்தன.

அந்தத் தீர்மானத்தில் ஒரு சிறு இடம் என் கண்ணை உறுத்துகிறது. உங்கள் சட்டவிதிகளின் நான்காவது விதி, ஒரு சங்கம் சுதந்திர நாட்டின் மண்ணில் அமைந்திருக்கவேண்டும், அந்த நாடு ஜெனீவா உடன்படிக்கையை ஏற்றிருக்கவேண்டும் என்கிறது. 2006-இல் பாலஸ்தீனத்துக்கு இரண்டும் இல்லை. ஜெனீவா உடன்படிக்கைகளில் அது சேர்ந்ததே 2014-இல்தான். ஆகவே நாடு என்ற நிபந்தனையை அந்த ஒரு சங்கத்துக்காக மட்டும் தளர்த்தினீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்த நான்காவது விதியைத் தொடவில்லை. ஒருவரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு அதே தாழ்ப்பாளை மறுபடி போட்டுக்கொண்டீர்கள்.

வெளியே இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள். செர்பியாவிலிருந்து பிரிந்து, எல்லா நாடுகளும் இன்னும் அங்கீகரிக்காத கொசோவோவின் செஞ்சிலுவைச் சங்கம் நிற்கிறது. கொசோவோப் போரில் காணாமல்போனவர்களில் இன்னும் 1,600 பேர் வரை என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. அவர்களைத் தேட செர்பியத் தலைநகர் பெல்கிரேடையும் கொசோவோத் தலைநகர் பிரிஷ்டினாவையும் ஒரே மேசையில் அமர்த்தும் குழுவுக்குத் தலைமை தாங்குவது ஐ.சி.ஆர்.சி.தான். காணாமல்போனவர்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் அமர்ந்திருக்கும் தாய்மாரை நான் கிளிநொச்சியில் பார்த்திருக்கிறேன். கொசோவோத் தாய்மார் எப்படி இருப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. தைவானின் சங்கம் நிற்கிறது. 1999 செப்டெம்பர் 21-இல் 2,400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தின்போது, வெளியுதவிக்குப் பெய்ஜிங்கின் சம்மதம் வேண்டியிருந்ததாகத் தைவான் அரசு வெளிப்படையாகவே குறைகூறியது. இடிபாட்டுக்குள் கிடப்பவருக்கு எந்தத் தலைநகரின் சம்மதம் என்பது எப்படிப் புரியும்? எரித்திரியாவின் கதை வேறு. இரு சமயத்தாரும் கலந்து வாழும் அந்த நாட்டின் சங்கம் சிலுவையையும் பிறையையும் சேர்த்தே வைத்துக்கொள்ள விரும்பியது. செம்படிகத்துக்குள் இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம் என்று நெறிமுறை இடம் தந்தும் அது உள்ளே வரவில்லை. அங்கே முட்டுக்கட்டை சின்னம் மட்டுமல்ல என்பது தெளிவு. அதனால் அதை இந்த மடலின் கோரிக்கையோடு சேர்த்துக் குழப்பமாட்டேன்.

அங்கீகாரம் இல்லாவிட்டாலும் நாங்கள் இவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறோமே என்பீர்கள். செய்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் பின்வாசல் வழியாக. மாநாட்டில் அவர்களுக்கு வாக்கில்லை. சம்மேளனத்தின் அவசர நிதியை மற்றச் சங்கங்கள் உரிமையோடு கேட்கும்போது இவர்கள் தயவாகக் கேட்கவேண்டும்.

அரசுகளின் அச்சமும் எனக்குத் தெரியும்: சங்கத்தைச் சேர்த்தால் நாட்டை அங்கீகரித்ததாகிவிடும். 2006-இல் பாலஸ்தீனச் சங்கத்தைச் சேர்த்ததாலேயே எந்த அரசாவது, 'நான் பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்துவிட்டேன்' என்று அறிவித்ததா? அடுத்த வாதம் இன்னும் எளிது. கொசோவோவைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் ஏற்றுக்கொண்டது. தைவான் 'சீன தைபே' என்ற பெயரில் பல பத்தாண்டுகளாக ஒலிம்பிக் மைதானத்துக்குள் நடந்து வருகிறது. பெய்ஜிங் நடத்திய ஒலிம்பிக்கிலேகூட நடந்தது. ஓட்டக்காரருக்குக் கதவைத் திறக்க ஒரு வழி கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. ஸ்ட்ரெச்சர் தூக்குபவருக்கு மட்டும் வழி தெரியவில்லையா?

உறுப்புரிமை ஒரு கவசம் என்று நான் நம்பவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று மாகென் தாவீத் அதோமின் ஊழியர்கள் பணியிலிருக்கையிலேயே கொல்லப்பட்டார்கள். 2025 மார்ச் 23 அன்று ராஃபாவில் பாலஸ்தீனச் செம்பிறையின் எட்டு மருத்துவப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் மணலுக்குள்ளிருந்து உடல்களை எடுக்க முடிந்தது. 2005 உடன்படிக்கையில் ஆம்புலன்ஸ்களின் நடமாட்டம் பற்றி எழுதியதில் நிறைவேறாதவை குறித்து உங்கள் கூட்டங்களிலேயே திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறீர்கள். இதைக் காட்டி, 'சேர்த்து என்ன கண்டோம்?' என்று கேட்பவர்கள் உங்கள் நடுவிலேயே இருப்பார்கள். ஆனால் அந்த எட்டுப் பேரின் மரணத்தை இயக்கம் தன் சொந்த இழப்பாகப் பேசியது. அவர்கள் சார்பில் சம்மேளனம் பெயர் சொல்லிக் குரல் எழுப்பியது. உறுப்பினரல்லாத சங்கத்தின் தொண்டர் இறந்தால் அந்தக் குரல் எங்கிருந்து வரும்?

ஆகவே என் கோரிக்கை இது. அடுத்த சர்வதேச மாநாட்டின் நிகழ்ச்சிநிரலில் நான்காவது விதியை வையுங்கள். 2006-இல் ஒரு சங்கத்துக்குச் செய்ததை எல்லாருக்கும் பொருந்தும் வாசகமாக எழுதுங்கள்: நாட்டின் தகுதி சர்ச்சையில் இருக்கும் நிலப்பரப்பில், ஏழு அடிப்படைக் கொள்கைகளையும் ஏற்று, சுயேச்சையாக இயங்கி, மக்கள் அனைவருக்கும் பணிசெய்யும் ஒரே சங்கமாக இருந்தால், நாட்டின் தகுதியைப் பற்றிய எந்த முடிவும் எடுக்காமலே அதைச் சேர்க்கலாம் என்று. முழு உறுப்புரிமை இப்போதைக்கு முடியாதென்றால், பேசும் உரிமையும் அவசர நிதி கேட்கும் உரிமையும் கொண்ட இணை உறுப்புரிமையாவது இருக்கட்டும். இந்தக் கோரிக்கை தோற்கலாம். 1949-இல் ஒரு வாக்கில் தோற்றவர்களும் பிறகு உள்ளே வந்தார்களே. ஆனால் சந்தாவை நிறுத்திவைக்கும் வலிமையுள்ள நண்பன் ஒருவன் கொசோவோவுக்கோ தைவானுக்கோ கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

இந்த மடலோடு மாமாவின் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். தாளின் மேலே உங்கள் முத்திரை இன்னும் தெரிகிறது. பாட்டியின் கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாரல்லவா, அதற்கு நாங்கள் அனுப்பிய பதிலும் அவர் கையில் கிடைத்தது.

வணக்கத்துடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பழைய தொண்டர்