அடியில் நூல் சிக்குவதற்கு விடை சொன்னவருக்கு நன்றி

தையல் மெஷினில் தைக்கும்போது துணியின் அடிப்பக்கம் நூல் சுருண்டு சிக்கினால், புதிதாகத் தைப்பவர்கள் முதலில் பாபினைத்தான் (அடிநூல் சுற்றிய சிறு உருளை) கழற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் மேல்நூலில் என்று பொறுமையாக விளக்கிய, முகம் தெரியாத அன்பருக்கு மனமார்ந்த நன்றி.

துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துத்தான் நூல் கோக்க வேண்டும். இறக்கியிருந்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடி இறுகியிருக்கும். நூல் அவற்றின் நடுவே போய் உட்காராது, மேலேயே தளர்ந்து ஓடி அடியில் சுருளும். தொடங்கும்போது இரண்டு நூல்முனைகளையும் 10 செ.மீ. விட்டுப் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னீர்களே, அது பொன்னான குறிப்பு!

நடுத்தரப் பருத்தித் துணிக்கு 14ஆம் எண் ஊசி, தையல் நீளம் 2.5 மி.மீ. என்றும் சொன்னீர்கள். வெட்டும் முன் துணியை நனைத்துக் காயவைப்பதையும் நீங்கள் சொல்லாமல் விடவில்லை. அதைத் தவிர்த்தால், அளவெடுத்துத் தைத்த சட்டை முதல் சலவையிலேயே சுருங்கக்கூடும்.